தேநீருக்கும் காபிக்கும் குளோரின் வாடையற்ற நீர்

குழாய்நீரில் கிருமிகளை அழிப்பதற்காகக் கலக்கப்படும் குளோரின், தேநீரின் மென்மையான மணத்தைத்தான் முதலில் கெடுக்கும். வாயகன்ற பாத்திரத்தில் நீரைப் பிடித்து, தூசி விழாதபடி மெல்லிய துணியால் மூடி, ஓர் இரவு வைத்திருந்தால் குளோரினின் பெரும்பகுதி காற்றில் கலந்து வெளியேறிவிடும். அவசரமென்றால் மூடாமல் 15 நிமிடங்கள் கொதிக்கவிடலாம். ஆனால், குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலக்கப்பட்ட நீர் இவ்விரண்டு முறைகளுக்கும் எளிதில் மசியாது என்பதால், கார்பன் ஃபில்டரில் நீரை அவசரப்படுத்தாமல் மெதுவாக வடியவிடுவதே மேல். வைட்டமின் சி தூளும் குளோரின், குளோரமைன் இரண்டையும் உடனே முறிக்கும்: 1 மில்லிகிராம் குளோரினுக்கு ஏறத்தாழ 2.5 மில்லிகிராம் போதுமென்பதால், கத்தி முனையில் ஒட்டும் அளவே ஒரு பெரிய பாத்திர நீருக்குத் தாராளம். மிகுந்தால் புளிப்புத் தட்டும். குளோரின் நீங்கிய நீரில் கிருமிகள் மீண்டும் பெருகக்கூடும். ஆகவே அதை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.