எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது: பொருள்களைக் குறைப்பதற்கான ஒரு வழிமுறை

வீட்டில் பொருள்கள் பெருகிக் கிடப்பதை இடப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டு, கூடுதல் அலமாரிகளும் அடுக்குப் பெட்டிகளும் வாங்கிச் சமாளிக்க முனைபவர்கள் பலர். சில மாதங்களில் அவையும் நிரம்பிவிடும். பழுதான மின்விசிறியைச் சரிசெய்வதா கழிப்பதா, பாதியில் நின்ற ஓவியப் பயிற்சியைத் தொடர்வதா, அளவு சேராத உடையை யாருக்கேனும் கொடுத்துவிடுவதா என்று நாம் தள்ளிப்போட்ட முடிவுகளே மூலைகளில் குவிந்து கிடக்கின்றன. அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுப்பதற்கான வழிமுறையையே இங்கே விளக்குகிறேன்.

எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து, தற்போது உங்கள் நாள்கள் எவற்றில் கழிகின்றன, வரும் ஆண்டில் எவற்றுக்கு நேரம் ஒதுக்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். ‘அமைதியான வாழ்க்கை’ போன்ற பொதுச் சொற்கள் உதவ மாட்டா. ‘வாரத்தில் இரண்டு மாலையேனும் வாசிக்க வேண்டும்’, ‘குழந்தையுடன் தரையில் அமர்ந்து விளையாட இடம் வேண்டும்’ என்று செயலாகவே எழுத வேண்டும். எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கும் இத்தாளிலேயே விடை இருக்கும். வாசிக்க விரும்புபவர், துணி மலையாகக் குவிந்திருக்கும் நாற்காலியை முதலில் விடுவிக்கட்டும். பரணைத் தூய்மை செய்வது பிறகு நடக்கலாம். அன்றாடம் கண்ணில் படாத பரணில் தொடங்கியவர்கள் பாதியிலேயே களைத்துப்போவது வழக்கம்.

தேர்ந்தெடுத்த இடம் ஓர் இழுப்பறை அளவுக்குச் சிறியதாக இருந்தாலும், அதை முழுவதுமாகக் காலிசெய்துவிட்டு, திரும்ப உள்ளே வைக்க வேண்டியவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருப்பதிலிருந்து சிலவற்றை வெளியேற்றுவதைவிட இது எளிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கையில் இருக்கும் பொருளுக்கு, அது தமதாகிவிட்டது என்பதாலேயே மனிதர்கள் மிகுந்த மதிப்பு வைக்கின்றனர். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் சாதாரணக் காப்பிக் கோப்பைகள் கொடுக்கப்பட்டன. சற்று நேரத்துக்கு முன்புதான் கோப்பையைப் பெற்றவர்கள் அதை விற்பதற்குக் கேட்ட விலை, பெறாதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சில நிமிட உடைமைக்கே இவ்வளவு பற்று என்றால், பத்தாண்டு உடைமையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ‘இது வேண்டுமா’ என்று கேட்காமல், ‘இது என்னிடம் இல்லாதிருந்தால், இன்று இதைப் பெறுவதற்கு முயற்சி எடுப்பேனா’ என்று கேட்டுப் பாருங்கள். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்ற தயக்கத்துக்கும் இதே கேள்வி போதும். கொடுத்த பணம் அன்றே போய்விட்டது, பொருளைக் காத்து வைப்பதால் அது திரும்பி வரப்போவதில்லை.

இவையெல்லாம் எளிய பகுதி. நாம் ஆக நினைத்து ஆகாமல் போன மனிதருக்காக வாங்கி வைத்த பொருள்களிடம் வரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. உறையிலிருந்து எடுக்கப்படாத கித்தார், முதல் பாடத்தோடு நின்றுபோன அயல்மொழிப் பாடநூல், உடற்பயிற்சிக் கருவி, இளைத்த பின் அணியலாம் என்று மடித்து வைத்த சட்டை ஆகியவை வெறும் பொருள்களாகத் தோன்றுவதில்லை. கித்தாரைக் கொடுத்துவிட்டால், இசைக் கலைஞராகும் வாய்ப்பையே கைவிட்டதாகத் தோன்றிவிடுகிறது. இந்த வருத்தத்தைச் சோம்பல் என்றோ பேராசை என்றோ இகழ்வது தவறு என்பது என் கருத்து. அது உண்மையான இழப்பு. அதை இழப்பாகவே ஏற்றுக்கொள்வதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

அதே வேளையில், அந்த விருப்பம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவும் வேண்டும். கித்தாரை உறையிலிருந்து எடுத்து, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மாதம் வைத்திருங்கள். வாரத்தில் எந்த நாளில், எந்த நேரத்தில் அதற்காக அமர்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். விரல்கள் தாமாகவே அதை நாடினால், பல ஆண்டுகள் புதைந்திருந்த ஒன்றை மீட்டுவிட்டீர்கள். முதலில் எழுதிய தாளில் அதையும் சேர்த்துவிடலாம். ஒதுக்கிய நேரத்தையெல்லாம் ஏதேனும் ஒரு காரணம் சொல்லித் தவிர்த்துக்கொண்டே வந்தால், அந்த விருப்பம் முன்பிருந்த உங்களுக்கு உரியது, இப்போதிருக்கும் உங்களுக்கு உரியதன்று. விடுவிக்கும் நேரத்தையும் இடத்தையும் எதற்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று தெளிவாகத் தெரிந்திருந்தால், விடுவதன் வலி வெகுவாகக் குறையும்.

நினைவுப் பொருள்களைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே பழைய கடிதங்களைப் பிரித்தால் அன்றைய வேலை அதோடு முடிந்துவிடும். நினைவை இழந்துவிடுவோமோ என்ற அச்சமே இங்கே தடை. நினைவுப் பொருள்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டவர்கள் அவற்றைக் கொடையாகக் கொடுக்க அதிகம் முன்வந்தனர் என்று 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர். ஒரு பெட்டி நிறைய இருப்பதில் எதைக் கண்டால் அந்த மனிதரின் முகம் மனத்தில் தோன்றுகிறதோ அதை வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் படமாக்கிவிடலாம். அண்மையில் மறைந்தவரின் உடைமைகளுக்கு எந்தக் கெடுவும் வேண்டாம். பரிசாக வந்தவற்றைப் பொறுத்தவரை, கொடுத்தவரின் அன்பு நீங்கள் பெற்றுக்கொண்ட அன்றே நிறைவேறிவிட்டது.

‘ஒருவேளை தேவைப்படலாம்’ என்று தோன்றுபவற்றை, மீண்டும் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வீசிவிட்டு வேண்டியபோது வாங்கிக்கொள்ளலாம் என்ற அறிவுரை கையில் பணமிருப்பவர்களுக்கே பொருந்தும்; அப்படி வாங்க இயலாதவர் உதிரிகளைச் சேர்த்து வைப்பதில் முழு நியாயம் உண்டு. சொத்து, கல்வி, பிறப்பு, மருத்துவம் தொடர்பான மூல ஆவணங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதித் தாள்களைப் பாருங்கள்.

பிறருக்குக் கொடுப்பவை, ஒரு நண்பருக்குத் தயங்காமல் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். பழைய கைப்பேசியையும் கணினியையும் கொடுக்கும்முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, தரவுகளை அழித்துவிடுங்கள். லித்தியம் மின்கலங்கள் நசுங்கினால் தீப்பற்றக்கூடும் என்பதால் குப்பையோடு சேர்க்காமல், மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

வெளியேற்றுவதோடு நின்றால் ஓராண்டில் பழைய நிலையே திரும்பிவிடும். பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ, தமக்குப் புதிதாகக் கிடைத்த சிவப்பு மேலங்கிக்கு ஈடாக இல்லையென்று அறையின் பழைய சாமான்களை ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்ததை 1769-இல் எழுதியிருக்கிறார். ஒன்று மற்றொன்றை அழைத்து வரும் இப்போக்குக்கு மானிடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988-இல் திதரோவின் பெயரையே சூட்டினார். எனவே ஒரு பொருளை வாங்கும்முன், அது எங்கே இருக்கும், அதைத் துடைத்துப் பராமரிப்பவர் யார், அதைத் தொடர்ந்து வேறு எவை தேவைப்படும் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு, சில நாள்கள் பொறுத்திருங்கள். இலவசமாக வருபவற்றுக்கும் இதே விதி பொருந்தும்; அவை வாசலைத் தாண்டும்போது நாம் யோசிப்பதே இல்லை.

வீட்டிலுள்ள மற்றவர்களின் பொருள்களை, அவை எவ்வளவு பயனற்றவையாகத் தெரிந்தாலும், அவர்கள் ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள். எதையும் விட இயலாமல் அறைகளே பயன்படாத அளவுக்குச் சேர்த்து வைப்பது, 2013 முதல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் தனி உளநலக் கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. அத்தகையவர் இல்லாத நேரத்தில் வீட்டைக் காலிசெய்வது அவருடைய துயரத்தைப் பெருக்கி, உங்கள்மீதுள்ள நம்பிக்கையையும் குலைத்துவிடும். நடைபாதையும் அடுப்பைச் சுற்றியுள்ள இடமும் தடையின்றி இருப்பதை மட்டும் அவரோடு பேசி உறுதிசெய்துகொண்டு, உளநல மருத்துவரின் உதவியை நாடுங்கள்.