வெந்த மீன் வாங்கும்போது மூக்கை மட்டும் நம்பாதீர்கள்

பொரித்த இறாலோ அவித்த கணவாயோ விற்கிற இடத்தில் முகர்ந்து பார்த்துவிட்டு, வாடை இல்லை, சரி என்று வாங்கிவிடுகிறோம். நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியா வேறு, நம்மை நோயில் தள்ளும் பாக்டீரியா வேறு. வாடையே இல்லாத மீனும் ஆளைப் படுக்க வைத்துவிடும்.

அதனால் மீனுக்கு முன்னால் விற்பவரின் கையைப் பாருங்கள். இரண்டு நிமிடம் ஓரமாக நின்றாலே போதும், காசு வாங்கிய கையாலேயே வெந்த மீனை எடுக்கிறாரா, பச்சை மீன் நறுக்கிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெந்ததற்கும் எடுக்கிறாரா என்பது தெரிந்துவிடும். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கடல்நீரில் இயல்பாகவே இருக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியா நன்றாக வேகவைத்தால் செத்துவிடும், ஆனால் பச்சை மீனின் தண்ணீர் வெந்த மீனில் பட்டால் மறுபடி தொற்றிக்கொண்டு வெதுவெதுப்பில் மளமளவென்று பெருகும். 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாகக் காய்ந்த மத்திக் குஞ்சுகளைச் சாப்பிட்டு 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தார்கள்; இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டதே அப்போதுதான்.

அப்புறம் சூடு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஆவி பறக்க இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐஸில் நன்றாகப் புதைந்து இருக்க வேண்டும், வெறும் தட்டில் ஆறிக் கிடப்பது வேண்டாம். எப்போது சமைத்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரத்துக்கு மேல் இருந்ததை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.

திரும்பச் சூடாக்கித் தருகிறேன் என்பார்கள். கையிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஏற்கெனவே கக்கிய நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் சேரும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளும் அப்படித்தான். வாயில் மிளகு பட்டதுபோல் சுரீரென்றால் உடனே துப்பிவிடுங்கள். எலுமிச்சை பிழிவதும் காரமான சட்னியும் இதற்கு மருந்தல்ல.

கர்ப்பிணிகள் குளிரவைத்து விற்கும் புகையூட்டிய மீனைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் வேகவைக்காத சிப்பியைத் தொடவே கூடாது, அதிலுள்ள விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி அவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.