கிளை அறுக்கும்போது பட்டை உரிவதை நிறுத்தியது எப்படி: என் அனுபவம்

மரம் கழிக்கிற வேலையில் எனக்கு ரொம்ப நாள் தொந்தரவு இதுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் தூங்குமூஞ்சி மரத்தில் கனத்த கிளையை மேலிருந்து அறுத்தால், பாதியிலேயே பாரம் தாங்காமல் முறிந்து, அடிமரப் பட்டையையும் ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கும், அந்தக் காயத்தைப் பார்த்தால் மனசே ஆறாது. இப்போது 3 வெட்டு. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கம் கால்வாசி ஆழம் முதலில். அப்புறம் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுக்கிறேன், முறிந்தாலும் உரிசல் அந்தக் கீழ்வெட்டோடு நின்றுவிடும். மிச்சக் கட்டையை, கிளை பிறக்கிற இடத்தில் மோதிரம் மாதிரி புடைத்திருக்குமே, அதைத் தொடாமல் ஒட்டி எடுக்கிறேன். காயத்தை மூடுகிற புதுப்பட்டை அங்கிருந்துதான் வளரும். வெட்டிய இடத்தில் தார் பூசுவதையும் விட்டுவிட்டேன்.