திறந்த டிரெய்லரில் பைக்: பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் தவறுகள்

பைக்கை டிரெய்லரில் ஏற்றியதும் பலர் செய்யும் முதல் காரியம், அதன்மேல் ஒரு கவரைப் போர்த்துவது. நிறுத்தி வைத்த வண்டிக்கு அது நல்லதுதான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை எதிர்த்துப் போகும் வண்டிக்கோ, வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் எங்காவது காற்று புகுந்து துணி படபடக்கத் தொடங்கும். சாலைத் தூசியும் கூடவே உள்ளே போகும். துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே சிக்கிய அந்தப் பொடிமணல், பயணம் முடியும்வரை தேய்த்துக்கொண்டே இருக்கும். கவரைக் கழற்றினால் டேங்கின் விளிம்பிலும் பக்கவாட்டுப் பேனல்களிலும் துணி உரசிய இடமெல்லாம் மங்கிக் கிடக்கும். தார்ப்பாய் என்றால் இன்னும் மோசம். அதன் ஓரத்து வளையங்கள் அடித்து அடித்தே பெயிண்டைப் பெயர்த்துவிடும்.

மழை வந்தால் என்ன செய்வது? நனையட்டும். மழையில் ஓடுவதற்கும் சேர்த்துச் செய்த வண்டிதான் அது. ஆனால் முகம் முன்னோக்கி இருக்க வேண்டும். இடவசதிக்காகப் பின்புறத்தை முன்னால் வைத்து ஏற்றினால், சைலன்சர் வாய்க்குள் காற்றே மழைநீரைத் தள்ளும். முன்னாலிருந்து வரும் காற்றுக்கென வடிவமைத்த விண்ட்ஷீல்டு பின்னாலிருந்து அடிவாங்கி விரிசல் விடவும் கூடும்.

அடுத்தது கட்டுவது. இங்கேதான் நல்லெண்ணம் அதிகம் கெடுதல் செய்கிறது. பல்சக்கரமும் கைப்பிடியும் கொண்டு இறுக்கும் ராட்செட் பட்டை கையில் கிடைத்தால், ‘இன்னும் ஒரு பல் ஏறட்டும்’ என்று இழுத்துக்கொண்டே போகத் தோன்றும். முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் இரட்டைக் குழாயான முன் ஃபோர்க் அடிவரை அமுங்கிவிட்டால் குழியில் இறங்கும்போது அது மேலும் அமுங்க இடமே இருக்காது. அதிர்ச்சி முழுவதும் ஃபோர்க்கின் எண்ணெய் கசியாமல் காக்கும் ஆயில் சீலுக்கும் டிரெய்லரின் கொக்கி வளையங்களுக்கும் போகும். சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய தூரத்தில் ஏறத்தாழ பாதி இறங்கினால் போதும். கைப்பலத்தால் மட்டுமே இறுகும் சாதாரண பக்கிள் பட்டைகள் நடுத்தர எடையுள்ள வண்டிகளுக்குப் போதுமானவை. அவற்றில் அளவு மீறுவது கடினம் என்பதே என் கணக்கில் பெரிய வசதி.

பட்டையின் கொக்கியை ஹேண்டில்பார் நுனியில் மாட்டாதீர்கள். நெம்புகோல்போல் இழுபட்டு ஹேண்டில்பார் வளையும், அல்லது கிளாம்பில் சுழன்றுவிடும். ஃபோர்க்குகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்பே சரியான இடம். அதைச் சுற்றி மென்மையான துணி வளையம் ஒன்றைப் போட்டு, அதில் கொக்கியை மாட்டினால் உலோகம் உலோகத்தில் உரசாது. பிரேக் ஹோஸும் ஒயர்களும் வளையத்துக்குள் நசுங்கவில்லை என்பதை விரல் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டைகள் ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் முன்னோக்கியும் வெளிப்புறமாகவும் இறங்க வேண்டும். பின்பக்கம் இரண்டு பட்டைகள், வண்டியின் பின்பாகம் துள்ளி நகராமல் இருக்க. அவற்றைச் சட்டத்திலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மிலோ கட்டலாம், சைலன்சரிலோ இண்டிகேட்டரிலோ அல்ல.

திறந்த கொக்கிகளை நம்பாதீர்கள். குழியில் சஸ்பென்ஷன் ஒரு கணம் அமுங்கும்போது பட்டை தளரும், கொக்கி கழன்று விழும். தாழ்ப்பாள் உள்ளவற்றையே வாங்குங்கள். காற்றில் ‘ர்ர்ர்’ என்று அதிரும் பட்டையும் பெயிண்டை அறுக்கும். கட்டும்போது அதில் அரை முறுக்கு கொடுத்தால் அதிர்வு அடங்கும். மிச்சமிருக்கும் நுனியைச் சுருட்டி முடிச்சுப் போடுங்கள். நைலான் பட்டை நனைந்தால் நீளும், பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது. எதுவானாலும் முதல் 20, 30 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துக் கட்டுவது வேண்டாத வேலை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் எடை ஸ்டாண்டின் மூட்டில் இறங்கும், ஒரு பக்கப் பட்டை தளரும். முன்சக்கரத்தைச் சக்கரத்தாங்கியில் நுழைத்து, வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டை மடக்கிவிட்டே கட்டுங்கள். ஹேண்டில் லாக் போட வேண்டாம். சாவி கையில் இருக்கட்டும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடுங்கள், இல்லையென்றால் குலுக்கலில் வழியும்.

கல்லடி பெரும்பாலும் இழுத்துச் செல்லும் வாகனத்தின் பின்சக்கரங்களிலிருந்தே வருகிறது. அவற்றுக்கு அகலமான ரப்பர் மட் ஃபிளாப் மாட்டுவது, பைக்கில் ஒட்டும் எந்தப் பாதுகாப்புத் தாளையும்விடப் பயனுள்ளது. ரேடியேட்டர் முன்னால் ஓர் அட்டையைக் கட்டலாம். எஞ்சினை இயக்கும் முன் கழற்ற மறக்கக் கூடாது. பைக்கை டிரெய்லரில் ரொம்பப் பின்னால் வைத்தால் டிரெய்லரே பாம்புபோல் ஆடத் தொடங்கும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின்மேல் விழும்படி வைப்பது வழக்கமான அளவு.

போய்ச் சேர்ந்தபின் நடக்கும் தவறு ஒன்று உண்டு. களைப்பில் நான்கு பட்டைகளையும் சடசடவென்று அவிழ்ப்பார்கள். அமுங்கியிருந்த ஃபோர்க் துள்ளி எழும், வண்டி சாயும். முதலில் பின்பட்டைகள். பிறகு சைடு ஸ்டாண்டை இறக்கி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கத்து முன்பட்டையை மெல்லத் தளர்த்துங்கள். மறுபக்கப் பட்டை வண்டியை ஸ்டாண்டின் பக்கமே இழுத்துச் சாய்க்கும். வலப்பட்டைக்கு முன் இடப்பட்டையை அவிழ்த்தால், இடப்பக்கம் ஸ்டாண்டு உள்ள வண்டி வலப்பக்கமாக விழும். தூசி படிந்த டேங்கைக் கைத்துணியால் துடைக்காமல் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; மழையில் வந்திருந்தால் செயினுக்கு எண்ணெய் போட்ட பிறகே சாவியைத் திருப்புங்கள்.