தொழில் யோசனை தேடுபவர்கள் டி.ஆர்.ஹெச்.பி. படிக்கலாம்

முதன்முறையாகப் பொதுமக்களிடம் பங்கு விற்க வரும் நிறுவனம், தன் தொழிலைப் பற்றி ஒரு வரைவு ஆவணம் தாக்கல் செய்ய வேண்டும். அதுதான் டி.ஆர்.ஹெச்.பி. (டிராஃப்ட் ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ்). பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் இணையதளத்திலும், பங்குச் சந்தைகளின் இணையதளங்களிலும் இலவசமாகவே கிடைக்கிறது. பங்கு வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் அவசியம் படிக்க வேண்டும் என்பேன்.

பல நூறு பக்கம் ஓடும், முழுவதும் வேண்டாம். நேராக 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' பகுதிக்குப் போங்கள். எத்தனை வாடிக்கையாளர்களை நம்பி வியாபாரம் ஓடுகிறது, மூலப்பொருள் யாரிடமிருந்து வருகிறது, என்னென்ன வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன என்பதையெல்லாம் அவர்களே எழுதியிருப்பார்கள். எந்த முதலாளியும் நேரில் இவ்வளவு சொல்லமாட்டார். அப்புறம், அந்தத் துறையைப் பற்றிய பகுதி. சந்தையின் அளவு, போட்டியாளர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தப் பகுதிக்கு அடிப்படையான ஆய்வறிக்கை பெரும்பாலும் நிறுவனமே காசு கொடுத்து வாங்கியது. வளர்ச்சிக் கணிப்புகளைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய முதலீட்டுத் தொழில்களைப் பற்றித் தெரிய வேண்டுமா? சிறு, நடுத்தர நிறுவனங்களின் பங்குகளுக்காகவே 2012 முதல் இயங்கும் என்.எஸ்.இ. எமர்ஜ், பி.எஸ்.இ. எஸ்.எம்.இ. என்ற சந்தைத் தளங்களுக்கு வந்த நிறுவனங்களின் ஆவணங்களைத் தேடுங்கள். திரட்டும் பணத்தில் மெஷின் வாங்கப்போகிறார்கள் என்றால், அதற்கு வாங்கிய கொட்டேஷன் விவரம்கூட விலையோடு இருக்கும்.