அனுமதியின்றிப் பயன்படுத்திய புகைப்படத்துக்கு இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வந்தால்

உங்கள் வலைத்தளத்தில் இருக்கும் ஒரு புகைப்படத்துக்கு இழப்பீடு கேட்டு மின்னஞ்சல் வந்திருந்தால், பதறிப்போய் அன்றே பணம் கட்டவும் வேண்டாம், மோசடி என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். இந்தியச் சட்டத்தை ஒட்டி, என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், படம் இடம்பெற்ற பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை எங்கிருந்து, எப்போது எடுத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், அனுப்பிய நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே சென்று விசாரியுங்கள்.

அடுத்து படத்தை நீக்க வேண்டும். இதில்தான் நான் தவறினேன். பொங்கல் பதிவில் வைத்திருந்த ஒரு கோலப் படத்துக்கு நோட்டீஸ் வந்ததும், பதிவிலிருந்து அதை எடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்; இரண்டு வாரத்தில், படம் இன்னும் இருக்கிறது என்று மறு கடிதம் வந்தது. வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், பதிவிலிருந்து எடுத்த படம், ஏற்றிய படங்களெல்லாம் சேரும் மீடியா லைப்ரரியில் அப்படியே கிடக்கும். அதன் நேரடி முகவரியைத் தட்டினால் யாருக்கும் திறக்கும். ஆகவே லைப்ரரியிலும் நிரந்தரமாக அழித்து, தளம் தற்காலிகமாகச் சேமித்து வைத்திருக்கும் நகல்களையும் (cache) அழித்து, உலாவியின் இன்காக்னிட்டோ (தனிப்பட்ட) சாளரத்தில் அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். நீக்கிவிட்டதால் முந்தைய பயன்பாட்டுக்கான பொறுப்பு தீர்ந்துவிடாது.

பிறகு, கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பாருங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித், பொதுமக்கள் பயன்படுத்தட்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்திருந்த தம் படத்துக்கே 120 டாலர் கேட்டு அவருக்குக் கடிதம் வந்து, 2016இல் அவர் வழக்குத் தொடுத்தார். எனவே, படம் எடுத்தவர் யார், அவர் எழுத்து மூலம் கொடுத்த உரிமை எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் பதிவுச் சான்றிதழ் இல்லை என்று வாதிடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத படத்துக்கும் உரிமை உண்டு.

கூகுளில் கிடைத்தது, எடுத்தவர் பெயரைப் போட்டிருக்கிறேன் என்பவை வாதமே ஆகா. விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் இதே சட்டத்தின் 52ஆம் பிரிவு நியாயமான அளவில் இடம் தருகிறது. பதிவை அழகுபடுத்த வைத்த படத்துக்கு அது பொருந்தாது. நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமப் படத்தில் பெயர் போடத் தவறியிருந்தால், தவறு தெரிந்த 30 நாளுக்குள் திருத்தினால் உரிமம் தானாகவே மீளும். அதற்கு முன் நடந்த மீறலுக்குப் படத்தின் உரிமையாளர் இழப்பீடு கோருவதை அது தடுக்காது.

தவறு நம்முடையதுதான் என்று தெரிந்தால், கௌரவமாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் காத்திருந்து படமெடுத்தவரின் உழைப்புக்கு உரிய கூலி அது. அதற்காகக் கேட்ட தொகையை அப்படியே கொடுக்க வேண்டியதில்லை: அதே படத்தை அதே அளவில், அதே காலத்துக்குப் பயன்படுத்த என்ன கட்டணம் என்று விலைப்பட்டியலில் பார்த்து, அதை ஒட்டி ஒரு தொகையைச் சொல்லி, ஏற்பார்களா என்று எழுதிக் கேளுங்கள். சிறைத் தண்டனை என்று மிரட்டினாலோ, வழக்கறிஞர் நோட்டீஸோ நீதிமன்ற அழைப்பாணையோ வந்தாலோ, நீங்களாகப் பதில் எழுதாமல் வழக்கறிஞரைப் பாருங்கள். அடிப்படையற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குத் தொடர பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வழி தருகிறது.

இந்தப் படத்தின் கடந்தகாலப் பயன்பாடு முழுவதற்கும் இனிக் கோரிக்கை இல்லை என்று எழுதி வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள்.