கறுப்பு கார்: பளபளப்பைத் தேடி பெயின்ட்டைத் தொலைக்காதீர்கள்

டீட்டெய்லிங், அதாவது காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளப்பாக்கும் வேலை, கற்றுக்கொள்ள வரும் இளைஞர்கள் முதலில் கை வைக்க ஆசைப்படுவது கறுப்பு காரில்தான். செய்த வேலை அதில்தான் பளிச்சென்று தெரியும். செய்த தவறும் அப்படித்தான் தெரியும். நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்தவற்றையே இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். உச்சி வெயிலில் கழுவக்கூடாது, பழைய பனியனால் துடைக்கக்கூடாது, பிரஷ் சுழலும் தானியங்கி வாஷுக்குள் விடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே தெளிவாக வேண்டும். கறுப்பு நிறம் என்பதற்காகக் கீறல் கூடுதலாக விழுவதில்லை. எந்த நிறமானாலும் மேலே இருப்பது பெரும்பாலும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத படலம். கீறல் விழுவது அதில்தான். வெள்ளை காரில் கீறலில் பட்டுத் தெறிக்கும் ஒளி, சுற்றியுள்ள வெளிச்சத்தோடு கரைந்துவிடும். கறுப்பில் அடிநிறம் ஒளியை விழுங்கிவிடுவதால் கீறல் மட்டும் தனியாக மின்னும்.

கீறலை மறைக்க பாலிஷ், அந்த பாலிஷின் தடத்தை மறைக்க இன்னொரு பாலிஷ்

இத்தனை காலம் கழித்தும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். ஏனென்றால் இதைச் செய்பவர்கள் காரைக் கவனிக்காதவர்கள் அல்ல, நேசிப்பவர்கள்.

ஒருவர் கறுப்பு செடான் ஒன்றைக் கொண்டுவந்தார். அதிகம் ஓடாத வண்டி, உள்ளே ஒரு துரும்பு கிடையாது. ஒவ்வொரு சர்வீஸின்போதும் தவறாமல் பணம் கட்டி ‘ரப்பிங் பாலிஷ்’ போட்டிருக்கிறார். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்க ஹோலோகிராம். நாம் நகர நகர அந்த வெளிச்சக் கோடுகளும் கூடவே நகர்கின்றன. பெயின்ட் தடிமன் அளக்கும் கேஜை வைத்தேன். கூரையின் நடுவில் 120 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிக் காட்டியது. பானெட்டின் மடிப்புக் கோட்டில் 80-க்கும் கீழே இறங்கிவிட்டது.

“இன்னொரு தடவை நல்லா பாலிஷ் போட்டா சரியாயிடும் இல்ல சார்?” என்று கேட்டார். நான் மெஷினை எடுக்கவே இல்லை.

கணக்கு இதுதான். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது இந்த மெல்லிய படலம்தான். காம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையைப் போடுவது என்றால் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் தேய்த்து இறக்குவது என்று பொருள். தேய்ந்தது திரும்ப வளராது. அந்தப் பானெட்டுக்கு மிஞ்சிய வழி மறுபடி பெயின்ட் அடிப்பது மட்டுமே.

இதில் ஏமாறுவது எப்படி என்றால், கடையில் காரை எடுக்கும்போது அது கண்ணாடிபோல் இருக்கும். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேடைப் போட்டு அழுத்தித் தேய்த்த தடங்களை, பாலிஷில் உள்ள எண்ணெயும் ஃபில்லர் என்ற நிரப்பியும் அடைத்து மறைத்திருக்கும். சில முறை ஷாம்பு போட்டுக் கழுவியதும் ஃபில்லர் போய்விடும், தடங்கள் வெளியே வரும். உரிமையாளரோ ‘கறுப்பு என்றாலே இப்படித்தான்’ என்று நம்பி மறுபடி அதே கடைக்குப் போவார். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும்.

தொழில் பழகுபவர்களுக்குச் சொல்கிறேன்: மெஷினைத் தொடும் முன் அளந்து பாருங்கள், ஒரே பேனலில் பல இடங்களில். கேஜ் காட்டுவது மொத்தத் தடிமனைத்தான், கிளியர் கோட்டை மட்டும் அல்ல. சாதாரண கேஜ் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. அங்கே கூடுதல் நிதானம் வேண்டும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் தேய்மானம் சீக்கிரம் நடக்கும் என்பதால் டேப் ஒட்டுங்கள். சுழன்றபடியே அலைந்தும் தேய்க்கும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில், இருப்பதிலேயே மென்மையான பேடும் பாலிஷும் வைத்து ஒரு சிறு சதுரத்தில் மட்டும் முயலுங்கள். அது போதவில்லை என்றால்தான் அடுத்த படி. பிறகு நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எண்ணெய் போனபின் டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான முடிவு. நகம் சிக்கும் கீறல் பாலிஷில் போகாது. அதைத் துரத்தாதீர்கள்.

கார் வைத்திருப்பவர்கள் கடையில் கேட்க வேண்டியது: அளந்து காட்டுவீர்களா? ஆல்கஹாலால் துடைத்துக் காட்டுவீர்களா? இரண்டுக்கும் தயங்கினால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

தூசிதானே என்று காய்ந்தபடியே தட்டிவிடுவது

அந்தப் பாலிஷ் தேவைப்படுவதே பாதி இதனால்தான். தூசியில் கலந்திருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. கிளியர் கோட் அதன் பக்கத்தில்கூட நிற்காது. எவ்வளவு மெத்தென்ற மைக்ரோஃபைபராக இருந்தாலும் அது மணலை இழுத்துக்கொண்டுதான் போகும். சிலந்தி வலைபோல் தெரியும் ஸ்வர்ல் மார்க் இப்படித்தான் பிறக்கிறது. வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கும். விளக்கைச் சுற்றி வளைந்தாற்போல் நிற்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. ஆகவே நேர்கோட்டில் துடைத்தால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம்.

முதலில் நீர் பீய்ச்சி, ஃபோம் அடித்து, ஊறவிட்டு, மறுபடி நீர். அதன் பிறகே வாஷ் மிட், அதாவது கழுவும் கையுறை. மேலிருந்து கீழே வாருங்கள்; சேறு படியும் கதவடிப் பகுதி கடைசியில். ஷாம்புக்கு ஒரு வாளி, மிட்டை அலச வேறொரு வாளி.

கீழே விழுந்த துணி

உதறிவிட்டுத் தொடராதீர்கள். துவைக்கப் போடுங்கள். பெயின்ட்டில் ஒட்டிய துகள்களை எடுக்கும் களிமண் போன்ற கிளே பார் விழுந்தால் தூக்கி எறியுங்கள்.

தானாகக் காயட்டும் என்று விடுவது

உப்பு நீரில், அதாவது கடின நீரில், உள்ள கால்சியமும் மெக்னீசியமும் நீர் ஆவியானதும் வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிடும். கறுப்பு பேனல் சீக்கிரம் சூடேறும் என்பதால் அது நிமிடங்களில் நடக்கும். நாள்பட விட்டால் புள்ளியின் விளிம்பு கிளியர் கோட்டில் பதிந்துவிடும். அப்புறம் மறுபடி பாலிஷ்தான். அடர்த்தியான உலர்த்தும் துண்டைப் பேனலின் மேல் விரித்து மெல்ல இழுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள்.

பறவை எச்சம்

அன்றே எடுங்கள். சுரண்டாமல், ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து.

தூசியோடு கவர் போடுவது

காற்று அடித்தால் கவரே தேய்க்கும்.

கோட்டிங் போட்டாச்சு, இனி கீறல் விழாது

செராமிக் கோட்டிங் நல்ல பொருள். அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும், கழுவுவதை எளிதாக்கும். ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் 9ஹெச் என்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு. மோஸ் அளவு அல்ல. மணல் அதையும் கீறும், அதனால் மேலே சொன்ன கழுவும் முறை அப்படியே தொடர வேண்டும். ஸ்வர்ல் இருக்கும் பெயின்ட்டின் மேல் அவசரமாகக் கோட்டிங் போட்டால் அந்த ஸ்வர்ல் அடியில் தங்கிவிடும். பிறகு சரிசெய்ய, காசு கொடுத்துப் போட்ட கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்க்க வேண்டிவரும். கல் தெறிப்பதுதான் உங்கள் கவலை என்றால் அதற்குக் கோட்டிங் உதவாது. அது பெயின்ட்டின் மேல் ஒட்டும் பாலியூரித்தேன் ஃபிலிமின் வேலை. அதன் தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். கார் முழுக்க ஒட்ட வசதிப்படாவிட்டால் முன் பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, இந்த மூன்றுக்கு மட்டும் முதலில் ஒட்டுங்கள்.